ஐம்பது வயதுப் பையன்

கேமரன் மலையிலே, தானா ராத்தா என்னும் சிற்றூரில், ஓர் உணவுக்கடையில் அண்மையில் நாம் தேநீர் அருந்த அமர்ந்திருந்தோம். பக்கத்து மேசையில் இருபது வயது மதிக்கத்தக்க தமிழ் இளைஞர் ஒருவர் இருந்தார். நல்ல உடை, படித்த களை. அவர் கையைத் தட்டி, "பாய்!" என்று அழைத்தார். உள்ளிருந்து வந்தவருக்கு வயது ஐம்பதுக்குக் குறையாது; மீசை நரைத்திருந்தது. வங்காள தேசத்திலிருந்து வந்து, சில ஆண்டுகள் தேயிலை பறித்து, அதன் பின் இக்கடையில் தட்டேந்துபவர் அவர் என்று பிறகு அறிந்தோம்.

அழைப்பைக் கேட்டதும் முதலில் நாம் மகிழ்ந்தோம். 'பாய்' என்பது இந்துஸ்தானியிலும் வங்காளத்திலும் உடன்பிறந்தான் எனப் பொருள்படும் சொல். தமிழ்நாட்டிலும் முஸ்லிம் நண்பர்களை அவ்வாறு அன்போடு அழைப்பது உண்டு. ஆனால் அடுத்த பேச்சிலே நம் மகிழ்ச்சி பறந்தது. "எத்தனை தடவை கூப்பிடுவது? இந்தப் பையனுக்குக் காது கேட்பதில்லை" என்று அவ்விளைஞர் தம் நண்பரிடம் கூறினார். அவர் அழைத்தது உடன்பிறந்தானை அன்று. ஆங்கிலப் 'பாயை', அஃதாவது பையனை.

இருபது வயதினர் ஐம்பது வயதினரைப் பையன் என்கின்றார். இவருக்கு எண்ணத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அவர் வாயிலே வந்த சொல் வயதை அளக்கும் சொல்லன்று. ஆளை அளக்கும் சொல். இச்சொல் எவ்வாறு இப்பொருள் பெற்றது, எந்த வழியாக இம்மலைக்கு ஏறிற்று, நம் நாவிலே எவ்வாறு குடிபுகுந்தது என்பவற்றைச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

பையன் பிறந்த கதை

ஆங்கில மொழியில் இளைஞரைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றின் சரித்திரத்தை ஒருங்கே வைத்து நோக்குவார்க்கு ஒரு வியப்பு காத்திருக்கின்றது. அவற்றுள் பெரும்பாலானவை ஏதோ ஒரு காலத்தில் வேலைக்காரனையும் குறித்தவையே.

'பாய்' என்னும் சொல்லையே எடுத்துக் கொள்வோம். அஃது எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்க்குள் ஒருமுடிபு இல்லை. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் அஃது ஆங்கிலத்தில் தோன்றியபோது பணியாளன், கீழ்மகன் என்னும் பொருள்களையே தாங்கி நின்றது. ஆண் குழந்தை என்னும் பொருள் அதற்குப் பின்னரே வாய்த்தது. குழந்தையின் பெயரை வேலைக்காரனுக்கு இட்டார்கள் என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. வேலைக்காரனின் பெயரே குழந்தைக்குப் போயிற்று.

'லாட்' என்று மற்றொரு சொல். இன்று அஃது இளைஞனை அன்போடு குறிப்பது. 1300ஆம் ஆண்டையொட்டி அதன் பொருள் ஏவலாளன், தாழ்ந்த குடியிற் பிறந்தவன் என்பதே. 'குரூம்' என்பது முதலில் சிறுவன், பிறகு ஏவலாள், முடிவில் குதிரைக்காரன். மணமகனைக் குறிக்கும் 'பிரைட்குரூம்' என்னும் சொல்லின் கதை இன்னும் வேடிக்கையானது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் பிற்பாதி 'குமா'. அதற்கு மனிதன் என்று பொருள். 'குமா' வழக்கிழந்த பின், பொருள் தெரியாத மக்கள் அந்த இடத்தில் தமக்குத் தெரிந்த 'குரூமை' வைத்துவிட்டனர். மனிதனாக மணமேடை ஏறியவன் ஏவலாளாக இறங்கினான்! நம் தமிழரோ மணமகனை மாப்பிள்ளை என்று உயர்த்தினர். பிள்ளை என்னும் இச்சொல்லுக்குப் பின்னர் வருவோம்.

வீரனும் கயவனும்

இவ்வரிசையில் நாம் தனியே நிறுத்திப் பார்க்க வேண்டிய சொற்கள் இரண்டு: 'நைட்' என்பது ஒன்று, 'நேவ்' என்பது மற்றொன்று. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் சிறுவன், இளைஞன் என்னும் ஒரே பொருளில் வழங்கின. ஜெர்மானிய மொழியில் இவற்றின் உடன்பிறப்புகள் இன்றும் உள்ளன. 'க்னெக்ட்' என்பது ஜெர்மானியில் வேலைக்காரனைக் குறிக்கின்றது. 'க்னாபெ' என்பது சிறுவனைக் குறிக்கின்றது.

இங்கிலாந்திலே இவ்விரு சொற்களும் வெவ்வேறு திசையிற் சென்றன. அரசனுக்கும் பிரபுவுக்கும் குதிரை மேலிருந்து படைத்தொழில் செய்த இளைஞன் 'நைட்' ஆனான். நாளடைவில் அது வீரப் பட்டமாகி, 'சர்' என்னும் அடைமொழியோடு அரசரால் சூட்டப்படும் பெருமையாகிவிட்டது. நம் நாட்டில் 'சர்' பட்டம் பெற்றுத் தலைநிமிர்ந்து நடந்த பெரியவர்கள், சொல்லின் வேரை நோக்கின், பையன் பட்டம் பெற்றவரே ஆவர்! அடுக்களையிலும் தொழுவத்திலும் பணிசெய்த இளைஞனோ 'நேவ்' என்று நின்றான். முதலில் சிறுவன், பிறகு வேலைக்காரன், அதன் பிறகு அயோக்கியன், கயவன் என்று படிப்படியாகக் கீழே தள்ளப்பட்டான்.

ஒருவனை ஏற்றி மற்றவனை வீழ்த்தியது யாது? ஒழுக்கமா? அடுக்களைப் பையன் எல்லாம் திருடினான், குதிரை ஏறிய பையன் எல்லாம் அறம் காத்தான் என்று எந்தச் சரித்திரமும் சொல்லவில்லை. யாருக்குப் பணிசெய்தான், எந்தக் கருவியைக் கையிலே பிடித்தான் என்பதே சொல்லின் தலைவிதியை எழுதிற்று. வாள் பிடித்த பையன் வீரன். துடைப்பம் பிடித்த பையன் கயவன். பெயர் சூட்டியவர்கள் வாள் பிடித்தவர்களின் கூட்டத்தார் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

இஃது ஆங்கிலேயருக்கு மட்டும் உரிய குற்றமென்று கருதிவிடலாகாது. அரபு மொழியிலே 'குலாம்' என்றால் சிறுவன், இளைஞன். பாரசீகத்திலும் உருதுவிலும் அச்சொல் அடிமை என்னும் பொருள் பெற்றது. ஆங்கிலச் சீட்டுக்கட்டில் 'நேவ்' என்று பெயர் கொண்ட சீட்டை இந்துஸ்தானியில் 'குலாம்' என்பர். இரண்டு மொழிகள், இரண்டு நாடுகள். சீட்டிலே ஒரே பையன், ஒரே அடிமை! பிரெஞ்சு மொழியில் 'கார்சோன்' என்றால் சிறுவன். உணவுக்கடையில் தட்டேந்துபவரையும், அவர் தலை நரைத்தவராயினும், அப்பெயராலேயே நெடுங்காலம் அழைத்து வந்தனர். நாம் நிற்கும் பகாங் மண்ணின் மலாய் மொழியையே பாருங்கள். 'பூடாக்' என்னும் சொல் மலேசியாவில் சிறுவனைக் குறிக்கின்றது. கடல் கடந்து இந்தோனேசியாவிற்குச் சென்றால் அதே சொல் அடிமையைக் குறிக்கின்றது.

எந்தச் சமூகத்தில் இளையவனும் ஏழையும் பிறருக்கு ஏவல் செய்து பிழைக்கின்றனரோ, அந்தச் சமூகத்தில் இளமைக்கும் அடிமைக்கும் ஒரே பெயர் ஏற்பட்டுவிடுகின்றது என்பதே இவற்றால் நாம் அறியும் உண்மை.

மலை ஏறிய சொற்கள்

இச்சொற்கள் இம்மலைக்கு வந்த வழியை இனி நோக்குவோம். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் இப்பீடபூமியைக் கண்டு எழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காடாகவே கிடந்த இவ்விடத்திற்குப் பேராக்கின் தாப்பா நகரிலிருந்து சாலை 1931இல் வந்து சேர்ந்தது. அதற்குச் சற்று முன்னரே, 1929இல், ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸல் என்பவர், இலங்கையிலே தேயிலைத் தொழிலில் தேர்ந்த மில்ன் என்பவரின் துணையோடு 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் செடியை நட்ட கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல. இலங்கையின் தேயிலைச் செடியோடு அந்நாட்டுத் தோட்ட வழக்கங்களும் கலந்து வந்தன.

வெப்பம் தாங்காத வெள்ளையருக்கு இம்மலை ஓய்விடமும் ஆயிற்று. 1930களில் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே கோல்ஃப் விளையாட்டு மைதானமும் அமைந்தது. அந்த மைதானத்தை நினைக்குந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு சொல்லின் சரித்திரம் எழுகின்றது.

தெற்குப் பிரான்சின் காஸ்கனி வட்டாரத்தில் 'சிறு தலைவன்' என்னும் பொருளில் ஒரு சொல் வழங்கிற்று. அது பிரெஞ்சிலே 'கெடட்' ஆகி, உயர்குடியின் இளைய மகனையும், படையிற் சேர்ந்து தொழில் பயிலும் இளைஞனையும் குறித்தது. ஆங்கிலத்தில் புகுந்த பின் அச்சொல்லுக்கு மூன்று வாரிசுகள். மூத்தது 'கெடட்', மலாயா அரசாங்கப் பெரும்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆங்கில இளைஞர்கள் தம் முதற்படியில் கெடட் என்றே அழைக்கப்பட்டனர். சில ஆண்டுகளில் அவர்கள் மாவட்ட அதிகாரிகள் ஆயினர். இரண்டாவது 'கேடி'. நம் ஊர்க் காவல் நிலையத்துக் கேடி அன்று. ஸ்காட்லாந்தில் ஏவலுக்கு ஓடும் பையனைக் குறித்து, பின்னர் கோல்ஃப் மைதானத்தில் பந்தடிப்பவரின் மட்டைப் பையைச் சுமந்து நடப்பவனுக்கு ஆகிய பெயர். மூன்றாவது 'காட்', பல்கலைக்கழக நகரங்களில் மாணவர்கள் ஊர்ப் பையன்களை இகழ்ந்து வழங்கியது, இன்று பண்பற்றவன் என்னும் வசைச்சொல்.

வெள்ளையர் பந்தடித்த மைதானத்திலே நின்று பாருங்கள். மட்டையை வீசுபவன் கெடட். அவன் பின்னே பையைச் சுமப்பவன் கேடி. சுமப்பவன் ஒரு சொல் எதிர்த்துப் பேசினால் அவன் காட். மூன்று பேருக்கும் பெயர் ஒன்றே, பாட்டன் ஒருவனே, இளமையும் ஒன்றே. வேறுபட்டது சுமை மட்டுந்தான்.

சின்னத்துரையும் சிறுவனும்

தோட்டத்துள்ளே இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து தோட்டத்தொழில் பயில இலங்கைக்கு வந்த இளைஞனை வெள்ளையர் தமக்குள் 'கிரீப்பர்' என்று வேடிக்கையாக அழைத்தனர். ஊர்ந்து செல்வது, பற்றிப் படரும் கொடி என்பன அச்சொல்லின் பொருள். ஆனால் அந்த வேடிக்கை வெள்ளையர் வட்டத்துக்குள்ளேதான். தொழிலாளிக்கு அவன் 'சின்னத்துரை'. காட்டை வெட்டிய கிழவனும் அவ்விளைஞன் முன் ஒதுங்கி நின்று, 'துரை' என்று கைகட்டினான். 'சின்ன' என்னும் அடைமொழி அவன் மதிப்பைக் குறைக்கவில்லை. பெரிய துரையாக உயர்வான் என்னும் உறுதியையே அது தெரிவித்தது. கிரீப்பர் சின்னத்துரை ஆனான். சின்னத்துரை பெரிய துரை ஆனான். அவனுடைய இளமை ஏறும் படிக்கட்டு.

தொழிலாளியின் மகனுடைய இளமையோ? விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது அவன் வந்து நின்றான். இலங்கையில் 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதித்த நாட்கூலி, ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஆகவே ஒருவனைச் சிறுவன் என்பது வெறும் அழைப்பன்று. 22 சதம் பெறுமானமுள்ள அழைப்பு! ஒருவனைப் பையன் என்று வைத்திருப்பதால் யாருக்கு ஊதியம் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். வளர்ந்து முழுக்கூலி பெற்ற பின்னரோ அவனுக்கு வேறொரு பெயர் ஆயத்தமாக இருந்தது. தமிழிலே கூலி என்றால் ஊதியம். ஆங்கிலத்திலே 'கூலி' என்றால் ஆள். அச்சொல் குஜராத்தின் கோலி இனத்தார் பெயரிலிருந்து வந்ததென்பாரும் உளர். தமிழ்க் கூலியிலிருந்தே வந்ததென்பாரும் உளர். எங்ஙனமாயினும், சிறுவனாக இருந்தவன் மனிதனாகாமலே கூலியாகிவிட்டான் என்பது உறுதி.

பங்களாவினுள்ளே ஏவல் செய்தவரோ எந்நாளும் 'பாய்' தான். யூல், பர்னெல் என்னும் இருவர், இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்குத் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் பேரகராதி 1886இல் வெளிவந்தது. அவர்களுள் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்தியாவிலும் சீனாவிலும் சுதேசி வேலைக்காரனைப் பாய் என்றே கூவி அழைப்பர் என்றும், மேற்கிந்தியத் தீவுகளிலும் முன்னர் அவ்வாறே வழங்கிற்று என்றும் அந்நூல் குறிக்கின்றது. மேற்கிந்தியத் தீவுகளில் அப்பெயரைச் சுமந்தவர் யாவர் என்பதை உலகம் அறியும்.

சொல்லில் என்ன இருக்கிறது?

"எப்படி அழைத்தால் என்ன? வயிறு நிறைந்தால் போதாதா? கூலியை உயர்த்தப் பாடுபடுங்கள், சொல்லை விட்டுவிடுங்கள்" என்று சொல்வார் உண்டு. அவர்களுக்கு 1941ஆம் ஆண்டின் கிள்ளான் தொழிலாளரே விடை கூறிவிட்டனர். சிலாங்கூரில், பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அவ்வேலைநிறுத்தத்தில் தமிழ்த் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடுமாறு கேட்டனர். அவற்றோடு ஒன்றாக, வெள்ளைத் துரைமார் முன்னும் தோட்டத்து ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையையும் கேட்டனர்.

காசு கொடுத்து வாங்கிய மிதிவண்டியில் அமர்ந்து போகும் இளைஞன், எதிரே துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும்! அவன் மனிதனாக அமர்ந்து போவதைத் தோட்டம் பொறுக்கவில்லை. அரிசிக்கும் மானத்துக்கும் ஒரே தாளில் மனு எழுதியவர்கள் அவர்கள். இரண்டும் ஒன்றே என்பதை அறிந்தவர்கள். அரசாங்கம் படையை ஏவியது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1968இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே, தலை நரைத்த பின்னும் பாய் என்று அழைக்கப்பட்டு வந்த கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, கையில் ஏந்திய அட்டையில் எழுதியது கூலிக் கணக்கை அன்று. 'நான் ஒரு மனிதன்' என்னும் ஒரே வாக்கியத்தை.

நம் வீட்டுக் குப்பை

கிள்ளான் கோரிக்கையில் 'ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும்' என்றிருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அவருள் நம்மவரும் இருந்தனர். வெள்ளையன் கற்றுக் கொடுத்தான் என்று பழி சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை.

தமிழிலே இளையோரைக் குறிக்கும் சொற்களுக்குக் குறைவில்லை. காளை, விடலை, மீளி என்று வீரம் தோன்ற வழங்கினர் பழந்தமிழர். விடலை என்பது இன்று பொறுப்பற்ற வயதைக் குறிக்கும் இகழ்ச்சியாகிவிட்டது. தொல்காப்பியர் இளமைப் பெயர்களுள் ஒன்றாக வைத்த பிள்ளை என்னும் சொல், பிற்காலத்தில் நிலமும் கணக்கும் கையிலிருந்தவர்க்குப் பட்டப்பெயராயிற்று. தேயிலைத் தோட்டத்திற்கும் கணக்கப்பிள்ளையாக வந்து, தொழிலாளியின் நாளைக் குறித்தது. அதே இளமையைக் குறித்த பயல் என்னும் சொல்லோ, நிலமற்றவன் தலையில் வசையாக விழுந்தது. ஆங்கிலேயருக்கு நைட்டும் நேவும் எப்படியோ, அப்படியே நமக்குப் பிள்ளையும் பயலும். மேற்சாதிச் சிறுவன் ஒருவன், தன் பாட்டன் வயதுள்ள உழவனை 'வாடா' என்றழைக்க, அவ்வுழவன் அச்சிறுவனைச் 'சாமி' என்றழைத்த காட்சியைத் தமிழ்நாடு எத்தனை நூற்றாண்டு கண்டது! ஐம்பது வயதுப் பையனை உண்டாக்க நமக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

ஆயினும் சொற்களைத் திருப்பி எடுத்தவர்களும் உண்டு. பகாங் மாநிலத்துத் தெமர்லோ வட்டாரத்தில் பிறந்த இப்ராகிம் யாக்கோப், 1938இல் தோழர்களோடு சேர்ந்து தொடங்கிய இயக்கத்திற்கு 'இளைய மலாயர் சங்கம்' என்று பெயரிட்டார்; இளமை என்பது ஏவலுக்கன்று, எழுச்சிக்கே என்று காட்டினார். மலாயாத் தமிழரும் பிற்காலத்தில் இளைஞர் மணிமன்றங்களை நிறுவினர். பகலெல்லாம் பையன் என்று ஏவப்பட்டவன், மாலையில் மன்றத்திலே இளைஞர் என்று 'ர்' விகுதி பெற்று அமர்ந்தான். அந்த ஓர் எழுத்தின் எடை எவ்வளவு என்பது அதுவரை அதைப் பெறாதவனுக்கே தெரியும்.

தேநீர்க் கடைக்கு மீண்டும்

இன்று கேமரன் மலைத் தோட்டங்களிலே தமிழ் இளைஞரைக் காண்பது அரிதாகிவிட்டது. படித்தனர், நகரங்களுக்குச் சென்றனர், நாம் மகிழ்கின்றோம். அவர் விட்ட இடத்திலே வங்காள தேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் கூடை சுமந்து நிற்கின்றனர். இம்மலையில் நம் பாட்டன் இறக்கி வைத்த கூடையை அவர்கள் எடுத்துக் கொண்டனர். அக்கூடையோடு நம் பாட்டன் சுமந்த பெயரையும் அவர் தலையில் ஏற்றி வைப்பது நியாயமா? அன்று மிதிவண்டியை விட்டு இறங்க மறுத்தவர்களின் பேரன், இன்று பிறரைப் பார்த்து 'இறங்கு' என்று சொல்லலாமா?

அன்று அந்த உணவுக்கடையில் தேநீர் அருந்தி எழுந்தபோது, காசு வாங்க வந்த அப்பெரியவரை நாமும் "பாய்" என்றே அழைத்து, அவர் ஊரையும் பிள்ளைகளையும் பற்றி இரண்டு வார்த்தை கேட்டோம். அவர் முகம் மலர்ந்தது. அதே ஒலிதான், தமிழில் எழுதினால் அதே இரண்டு எழுத்துதான். ஒன்று பையன், மற்றொன்று அண்ணன். எழுத்து வேற்றுமை காட்டாத இடத்தில், காட்ட வேண்டியது நம் உள்ளமே. தோழர்களே, அடுத்த முறை கடையிலே அமர்ந்து அச்சொல்லை வாயில் எடுக்கும்போது, அவ்விரண்டில் எதைச் சொல்கின்றோம் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.